‘எல்லோருக்கும் யோகா’ என்கிறார்கள்: எங்கே போய்ச் சேர்வது?

‘அனைவரும் வரலாம்’ என்று போர்டில் எழுதாத யோகா வகுப்பு இன்று அநேகமாக எங்குமே இல்லை. அந்த ‘அனைவரும்’ என்பதில் யார் யார் அடக்கம் என்பது உள்ளே போன பிறகுதான் தெரியும். முழங்காலை மடக்க முடியாதவர், பருமனான உடம்புக்காரர், சக்கர நாற்காலியில் வருகிறவர், மந்திரம் சொல்ல மனம் ஒப்பாதவர், மாதக் கட்டணத்துக்குக் கணக்குப் பார்க்கிறவர் என்று இவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால், ஆசனத்தைக் கற்பதைவிட இடத்தைத் தேர்வு செய்வதே பெரும்பாடாக இருக்கும். வாசகர்கள் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான்: ஸ்டுடியோவில் சேரட்டுமா, இலவச வகுப்புக்குப் போகட்டுமா, ஆசிரமமா, இல்லை வீட்டிலேயே வீடியோவைப் பார்த்துச் செய்துகொள்ளட்டுமா?

எந்த மரபு உசத்தி என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. ஒரு நல்ல ஆசிரியர் எந்த மரபிலும் கிடைப்பார். அவர் எப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குள் வேலை செய்கிறார் என்பதைத்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன்.

## எதை வைத்து அளப்பது

உடம்பு. ஒரு வகுப்பு எல்லா உடம்புக்கும் இடம் தருகிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான். சில அறைகளில் அது கடைசி மூலையில், பைகளையும் துண்டுகளையும் சுமந்துகொண்டு நிற்கும். உங்களுக்கு அது வேண்டுமென்றால் எல்லோரும் பார்க்க எழுந்துபோய்ப் பைகளை இறக்கி வைத்துவிட்டு இழுத்து வர வேண்டும். வேறு சில அறைகளில் கைப்பிடி இல்லாத நாற்காலிகள் விரிப்புகளோடு விரிப்பாக நடு வரிசையிலேயே போடப்பட்டிருக்கும். வழுக்காமல் இருக்க நான்கு கால்களும் விரிப்பின் மேல் நிற்கும். ஆசிரியர் ஓர் ஆசனத்தைத் தரையில் ஒரு முறை, நாற்காலியில் ஒரு முறை செய்துகாட்டுவார். இரண்டாவது அறையில் போர்டே தேவையில்லை.

இது வெறும் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்குச் சிரசாசனம் போலத் தலைகீழாக நிற்பவை கண்ணின் அழுத்தத்தைக் கூட்டும். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை ஆழமாக வளைத்து முன்னே குனிந்தால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் மூச்சை நெடுநேரம் அடக்குவதும் வேண்டாம். இதையெல்லாம் முதல் நாளே கேட்காத வகுப்பில் ‘அனைவரும்’ என்பது பேச்சளவில்தான்.

தொடுதல். கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து இடுப்பைத் திருத்துவது பலருக்கு ஒன்றுமே இல்லை. சிலருக்கு அது அன்றைய நாளையே குலைத்துவிடும். இப்போது சில வகுப்புகளில் விரிப்பின் ஓரத்தில் ஓர் அட்டை வைக்கிறார்கள். ஒரு பக்கம் ‘தொடலாம்’, மறு பக்கம் ‘வேண்டாம்’. நடுவில் மனம் மாறினால் திருப்பிப் போட்டுவிடலாம், வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. மன அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் உருவான ஒரு யோகா முறையில் ஆசிரியர் யாரையும் தொடுவதில்லை, கட்டளையும் இடுவதில்லை. ‘விரும்பினால் கையை உயர்த்தலாம்’ என்ற தொனிதான். நாள்பட்ட மன அதிர்ச்சிக் கோளாறு இருந்த 64 பெண்களிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், அந்த வகுப்பில் பத்து வாரம் இருந்தவர்களில் 52 சதவீதம் பேர் நோயின் வரையறையிலிருந்தே வெளியே வந்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 21 சதவீதம் பேர். ஒரே சிறிய ஆய்வை வைத்து ஆகாயக்கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் கை வைக்காவிட்டால் யோகா சொல்லித்தர முடியாது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை. இங்கே இரண்டு பக்கமும் கோணலாகப் போன கதைகள் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993-இல் அரசுப் பள்ளிகளில் யோகாவைத் தடை செய்தது. 2021-இல் தடையை நீக்கியபோதும் மந்திரமும் ‘நமஸ்தே’யும் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டது. இதற்கு நேர்மாறாக, 2015-இல் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான மையம் நடத்திவந்த இலவச வகுப்பு, பிறர் பண்பாட்டை எடுத்தாள்வது சரியா என்ற கேள்வியில் நிறுத்தப்பட்டது. அக்கறையின் பெயரால் எடுத்த முடிவில் வகுப்பை இழந்தது மாற்றுத்திறன் மாணவர்கள். என் கணக்கு எளிது: இது எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்; ‘ஓம்’ சொல்லாமல் உட்கார்ந்திருப்பவரை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும்.

பணம். கட்டணம் எவ்வளவு என்பதைவிட, கட்ட முடியாதவர் அதை எப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது என்பது முக்கியம்.

முறையீடு. தவறு நடந்தால் யாரிடம் சொல்வது? அந்த ஆள் ஆசிரியரின் கணவரோ மனைவியோ சீடரோ என்றால், அப்படி ஓர் ஆள் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தையும் ஒரே கேள்வியாகச் சுருக்கலாம்: இங்கே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, முகச்சுளிப்பு இல்லாமல் தொடர்ந்து இருக்க முடிகிறதா? ஆசனம், தொடுதல், மந்திரம், கட்டணம், பக்தி என எதற்கும் இது பொருந்தும்.

சமூக அக்கறையெல்லாம் யோகாவுக்குள் இப்போது புதிதாகத் திணிப்பது என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. யோக சூத்திரம் தந்த பதஞ்சலியின் எட்டு உறுப்புகளில் இயமம் என்னும் ஒழுக்கம்தான் முதல் படி, ஆசனம் மூன்றாவது. நம் திருமூலர் இயமத்தில் நிற்பவன் யார் என்று சொல்லும்போது கொல்லான், பொய் கூறான், களவிலான் என்று தொடங்கி ‘நடுச்செய்ய வல்லான்’, ‘பகுந்துண்பான்’ என்றும் சேர்த்துக்கொள்கிறார். நடுநிலையும் பகிர்ந்து உண்பதும் பட்டியலில் முன்பே இருக்கின்றன, பிற்சேர்க்கை இல்லை.

## கட்டண ஸ்டுடியோ

நேரம் தவறாது, இடம் சுத்தமாக இருக்கும், கட்டைகள், பட்டைகள், திண்டுகள் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கும். இவற்றைப் பரவலாக்கியதில் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காருக்குப் பெரிய பங்கு உண்டு; வளையாத உடம்புக்கும் ஆசனத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை அந்தச் சாதனங்கள்தான். அந்த வழியில் பயின்ற ஆசிரியர் இருக்கும் ஸ்டுடியோ என்றால், மூட்டுவலிக்காரர்கள் தயங்காமல் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. முப்பது பேர் நிறைந்த அறையில் சூரிய நமஸ்காரத்தைச் சங்கிலியாக ஓட்டும் வகுப்பில், மணிக்கட்டு வலிக்கிறவர் இரண்டாவது சுற்றிலேயே பின்தங்கிவிடுவார். ஆசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை. முப்பது உடம்பை ஒரே மணி நேரத்தில் ஒருவரால் பார்க்க முடியாது. அறையை 40 டிகிரிக்குச் சூடாக்கி நடத்தும் வகுப்புகள் கர்ப்பிணிகளுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது.

சுவரில் தொங்கும் ‘200 மணி நேரப் பயிற்சி’ சான்றிதழையும் கொஞ்சம் அளவாகவே மதியுங்கள். அந்த அளவைப் பரப்பிய யோகா அலையன்ஸ் ஒரு பதிவு அமைப்பு. மருத்துவருக்கு இருப்பது போன்ற அரசு உரிமம் அது தருவதில்லை. உங்கள் முதுகைப் பற்றி அந்த 200 மணி நேரத்தில் எவ்வளவு பேசினார்கள் என்பது படித்த இடத்தைப் பொறுத்தது.

மறைமுகச் செலவுகள்: தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பினர் கட்டணம், அதற்கென்று ஓர் உடை, அதற்கென்று ஒரு விரிப்பு, அப்புறம் வார இறுதிப் பயிலரங்கு. இன்னொரு செலவு கண்ணாடி. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த அறையில் தன் உடம்பை ஏற்கெனவே வெறுப்பவர் ஒரு மணி நேரம் நிற்பது தண்டனைதான்.

கட்டணச் சலுகை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மூன்று கட்டணங்களை வெளிப்படையாக எழுதி, ‘உங்களுக்கு ஏற்றதை நீங்களே தேர்ந்தெடுங்கள்’ என்று விட்டுவிடும் ஸ்டுடியோ நல்ல இடம். சலுகைக்கு வருமானச் சான்று கேட்கிற இடத்தில் சலுகை இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியவர்கள் கேட்கவே மாட்டார்கள்.

## நன்கொடை வகுப்பும் இலவச வகுப்பும்

மனதுக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனாலேயே இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் உண்டியல். வாசலிலேயே, ஆசிரியர் நின்றுகொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உண்டியல் இருந்தால் அது நன்கொடை இல்லை, பார்வைக்குக் கட்டுப்பட்ட கட்டணம். கையில் காசில்லாத நாளில் அந்த வாசலைக் கடக்க மனம் வராமல் வகுப்பையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் நிற்காத இடத்தில் பெட்டி, அல்லது பெயர் தெரியாமல் அனுப்பும் வழி, இந்த இரண்டில் ஒன்று வேண்டும்.

எஸ்.என். கோயங்கா மரபின் விபாசனா தியான முகாம்கள் இதை வேறு மாதிரி தீர்த்தன. பத்து நாள் முகாம், தங்குமிடமும் சாப்பாடும் உட்பட எல்லாம் இலவசம். முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். இன்று நீங்கள் உட்காரும் இடத்துக்கான செலவை முன்பு உட்கார்ந்த யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார். முன்பின் தெரியாத இடத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியதில்லை. அழகான ஏற்பாடு. ஆனால் காசு தடையாக இல்லை என்பதால் வேறு தடைகளும் இல்லை என்று ஆகிவிடாது. பத்து நாள் பேசாமல், தினம் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். பத்து நாள் வேலையை விட்டு வர முடிகிறவர் யார், வீட்டில் குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறவர் யார் என்று பார்த்தால், வருகிறவர்கள் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். தீவிர மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படுவதும் இல்லை.

காசு வாங்காததே நேர்மைக்குச் சான்று என்று நினைப்பவர்களுக்கு நியூயார்க்கில் 2006-இல் தொடங்கிய ‘யோகா டு தி பீப்பிள்’ கதை உதவும். எல்லோருக்கும் யோகா, கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள் என்ற கொள்கையால் பெரும் கூட்டம் வந்தது. உள்ளே நடந்த துன்புறுத்தல்கள் பற்றிய புகார்கள் 2020-இல் பொதுவெளிக்கு வந்தன. அந்த ஆண்டே மூடினார்கள். 2022-இல் நிறுவனர் உட்பட மூவர் மீது வரி ஏய்ப்பு வழக்கு வந்தது. நன்கொடை என்றால் கணக்கு கேட்கக் கூடாது என்று நாமே கூச்சப்படுகிறோம் பாருங்கள், அந்தக் கூச்சத்தில்தான் இப்படிப்பட்ட இடங்கள் செழிக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை வரவு செலவை ஒட்டிவைக்கும் இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுங்கள்.

இன்னொரு மறைமுகச் செலவை ஆசிரியர் சுமக்கிறார். சம்பளம் இல்லாமல் வருகிறவர் ஆறு மாதத்தில் களைத்துப் போவார். வாரம் ஒரு புது முகம் வந்தால் உங்கள் முழங்கால் கதையை வாரம் ஒரு முறை முதலிலிருந்து சொல்ல வேண்டும். வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுத்து, ஆசிரியருக்கு நிலையான சம்பளம் போகும் வகுப்புதான் நீடிக்கிறது.

எப்போது இது சிறந்தது? தொடக்க நிலையில், பெரிய உடல் சிக்கல் இல்லாமல், நாலு பேரோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கும்போது. ஒரே மாதிரியான ஆட்களே நிறைந்த ஸ்டுடியோவில் ஒட்டாமல் போனவர்கள் பலரும் இங்கே சகஜமாகிவிடுகிறார்கள்.

## ஆசிரமம், குருவை மையமாகக் கொண்ட அமைப்பு

ஆசனத்துக்கு அப்பால் போக விரும்புகிறவருக்கு இதற்கு இணை வேறில்லை. தத்துவம், தியானம், பாட்டு, கூடி வாழ்வது என்று ஸ்டுடியோவின் ஒரு மணி நேரத்தில் அடங்காதவை இங்கே கிடைக்கும். கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

ஆனால் என் ஐந்து அளவுகோல்களில் கடைசி இங்கேதான் மிகவும் தடுமாறும். குருவே ஆசிரியர், குருவே நிர்வாகம், குருவே நீதிபதி என்றால் புகார் எங்கே போகும்? அமெரிக்காவின் கிருபாலு யோகா மையத்தில் அந்த நிலைமைதான் இருந்தது. அதன் நிறுவனர் அம்ரித் தேசாய், பிரம்மசரியத்தைப் போதித்துக்கொண்டே சீடர்களோடு உறவு வைத்திருந்தது வெளிவந்ததால் 1994-இல் விலகினார். அதற்குப் பிறகு அந்த அமைப்பு குரு-சீட முறையையே விட்டுவிட்டு நிர்வாகக் குழுவின் கீழ் வந்தது. ஆள் மாறியதைவிட அமைப்பு மாறியதுதான் அதில் பாடம். நீங்கள் பார்க்கும் ஆசிரமத்தில் குருவைக் கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ள குழு ஒன்று இருக்கிறதா, அதில் சீடரல்லாதவர் ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

மறைமுகச் செலவு சேவை. பாத்திரம் கழுவுவதும் தோட்ட வேலையும் நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. யார் கழுவுகிறார்கள், யார் மேடையில் உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். வருடக்கணக்கில் ஒரே ஆட்கள் கழுவிக்கொண்டிருந்தால் அது சம்பளம் இல்லாத வேலை. ‘அகங்காரத்தை விடு’ என்ற அறிவுரை யாரை நோக்கி அதிகம் சொல்லப்படுகிறது என்பதையும் கூடவே கவனிக்கலாம்.

‘மரபு அப்படித்தான், மாற்ற முடியாது’ என்ற பதிலுக்கு மயங்க வேண்டாம். மைசூர் அரண்மனையில் யோகா கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் தொடக்கத்தில் இந்திரா தேவியை மாணவியாகச் சேர்த்துக்கொள்ள மறுத்தார். அவர் பெண், அதுவும் வெளிநாட்டவர். 1930-களின் இறுதியில் மன்னரின் வற்புறுத்தலால் சேர்த்துக்கொண்டார். பிறகு அவரே இந்திரா தேவியிடம் நீ போய்ச் சொல்லிக்கொடு என்றார். 1940-களின் இறுதியில் அந்த அம்மையார் ஹாலிவுட்டில் யோகா ஸ்டுடியோ திறந்தார். அவ்வளவு கட்டுப்பாடான ஆசிரியரே கதவைத் திறந்திருக்கிறார்.

## வீட்டிலிருந்தே ஆன்லைனில்

‘வேண்டாம்’ என்று சொல்ல இதைவிடச் சுலபமான இடம் கிடையாது. பிடிக்காத ஆசனத்தைத் தாண்டிவிடலாம், மந்திரம் வரும்போது ஒலியைக் குறைக்கலாம், யாரும் தொடப் போவதில்லை. காது கேளாதவர்களுக்கு எழுத்து ஓடும் வீடியோக்கள் உண்டு. நாற்காலி யோகாவும், பருமனான உடம்பு கொண்ட ஆசிரியர்களும் அருகில் கிடைக்காத ஊரில் இருப்பவருக்கு இது ஒன்றுதான் வழி.

பதிவு செய்த வீடியோவில் உங்கள் முழங்கால் உள்ளே சாய்வதைச் சொல்ல ஆளில்லை. ஆகவே பத்துப் பேருக்கு மிகாத நேரலை வகுப்பு, கேமராவைப் போடுவது உங்கள் விருப்பம் என்ற நிபந்தனையோடு, நல்ல நடுவழி.

இரண்டு எச்சரிக்கைகள். வீடு எல்லோருக்கும் அமைதியான இடம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாக இருப்பது பல பெண்களுக்கு ஸ்டுடியோ கட்டணத்தைவிடப் பெரிய ஆடம்பரம். அவர்களுக்கு வெளியே போகும் வகுப்புதான் ஓய்வு. அடுத்தது, ஒரு வீடியோ பார்த்தால் பின்னாலேயே வருபவை. முதுகுவலி ஆசனத்தில் தொடங்கி, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சூரணக்காரரிடம் போய் நிற்க மூன்று வீடியோ போதும்.

## தனி ஆசிரியர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடல் சிக்கல் இருந்தால் சிறந்தது, செலவு அதிகம். ஆளுக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றுவது கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மகன் தேசிகாச்சாரும் வலியுறுத்திய முறை. மாதாமாதம் தேவையில்லை, நான்கைந்து அமர்வில் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு குழு வகுப்புக்கு மாறலாம். ஒரே மாதிரி வலியுள்ள இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் செலவும் பங்காகும், அறையில் தனியாக இருக்கும் சங்கடமும் குறையும்.

## ஒரே பார்வையில்

| | உடம்புக்கு இடம் | தொடுதல் | நம்பிக்கை | பணம் | முறையீடு |
|---|---|---|---|---|---|
| ஸ்டுடியோ | சாதனம் உண்டு, கவனம் குறைவு | கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் | பெரும்பாலும் நெருக்கடி இல்லை | அதிகம், மறைமுகமும் உண்டு | நிர்வாகி இருந்தால் உண்டு |
| நன்கொடை வகுப்பு | ஆசிரியரைப் பொறுத்தது | ஆசிரியரைப் பொறுத்தது | பெரும்பாலும் திறந்த மனம் | குறைவு, கூச்சம் உண்டு | பெரும்பாலும் தெளிவில்லை |
| ஆசிரமம் | ஒரே முறை, நெகிழ்வு குறைவு | மறுப்பது கடினம் | ஏற்பு எதிர்பார்க்கப்படும் | குறைவு, உழைப்பு அதிகம் | குழு இல்லையேல் இல்லை |
| ஆன்லைன் | தேர்வு அதிகம், திருத்தம் இல்லை | பிரச்சினையே இல்லை | முழுச் சுதந்திரம் | மிகக் குறைவு | விலகுவதே வழி |
| தனி ஆசிரியர் | மிகச் சிறப்பு | பேசி முடிவு செய்யலாம் | பேசி முடிவு செய்யலாம் | மிக அதிகம் | பலவீனம் |

## சரி, நீங்கள் எதில் சேருவது?

நோயோ காயமோ இருந்தால் தனி ஆசிரியரில் தொடங்கி, பிறகு நாற்காலி நடுவரிசையில் இருக்கும் ஒரு குழு வகுப்புக்கு மாறுங்கள். கை இறுக்கமாக இருந்தால், ஒரே ஆசிரியர் தொடர்ந்து வரும் நன்கொடை வகுப்பு. அது பக்கத்தில் இல்லையென்றால் சின்ன நேரலை வகுப்பு. கூட்டமே அலர்ஜி என்றால் வீடியோவில் தொடங்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது யாரிடமாவது நேரில் காட்டிவிடுங்கள். தத்துவ நாட்டம் இருந்தால் ஆசிரமத்துக்குப் போங்கள். முதல் வருடம் திரும்பி வரும் வீடு, வேலை, நட்பு எல்லாம் வெளியிலேயே இருக்கட்டும். ஒழுங்கான நேரம் இல்லாவிட்டால் எதுவும் ஓடாது என்ற சுபாவம் உள்ளவருக்கு, கட்டணம் இடிக்காத வரை, ஸ்டுடியோவே சரி.

எதுவாக இருந்தாலும் சேருமுன் ஒரு நாள் சும்மா போய் உட்காருங்கள். நடுவில் வேண்டுமென்றே ஓர் ஆசனத்தைச் செய்யாமல் படுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் அதைக் கவனித்து ஏதாவது தேவையா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு நகர்ந்தால் சேரலாம். மைக்கில் உங்களைப் பார்த்து ‘முயற்சி செய்தால் முடியும்’ என்று உற்சாகப்படுத்தினால் வருடச் சந்தாவைக் கட்டாதீர்கள். இன்னும் இரண்டு வகுப்பு தனித்தனியாகக் காசு கொடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.